ஒரே வீட்டின் இரண்டு படிக்கட்டுகள்: டப்ளின், ஹென்ரியெட்டா தெரு, எண் 14

டப்ளினில் லிஃபி ஆற்றுக்கு வடக்கே, போல்டன் தெருவிலிருந்து மேட்டில் ஏறும் ஒரு முட்டுச்சந்துதான் ஹென்ரியெட்டா தெரு. ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். இரண்டு பக்கமும் செங்கல் முகப்பு, உயரமான ஜன்னல்கள், நடைபாதைக்கும் வீட்டுக்கும் நடுவே நிலவறைப் பள்ளம், அதைத் தாண்டி வாசற்படி. மேட்டின் உச்சியில் கிங்ஸ் இன்ஸ் எனும் சட்டக் கல்வி நிலையத்தின் வளைவு தெருவை அடைத்து நிற்கும். 1800-ல் ஜேம்ஸ் காண்டன் வரைந்த கட்டடம் அது. வேடிக்கை என்னவென்றால் அதன் முகம் மறுபுறம் கான்ஸ்டிடியூஷன் ஹில் பக்கம் பார்க்கிறது. நகரிலேயே மிகப் பெரிய மனிதர்கள் வாழ்ந்த தெருவுக்கு அது காட்டுவது முதுகைத்தான்.

இந்தத் தெருவின் 14-ஆம் எண் வீட்டில் பிரபுக்கள் இருந்திருக்கிறார்கள், நீதிமன்றம் நடந்திருக்கிறது, படைவீரர்கள் தங்கியிருக்கிறார்கள். பிறகு நூறு பேர் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். கடைசியில் அது அருங்காட்சியகம் ஆயிற்று. வந்தவர் போனவர் பட்டியலை மட்டும் படித்தால் வீடு பிடிபடாது. கட்டும்போது இந்த வீட்டுக்கு இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றை 1870-களில் பிடுங்கி எறிந்தார்கள். எது போனது, எது நின்றது, ஏன் என்பதைப் பிடித்துக்கொண்டால் வீட்டின் மொத்தக் கதையும் பின்னாலேயே வந்துவிடும்.

முதலில் மனை. லூக் கார்டினர் பெரிய குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. வங்கி, அரசுக் கருவூலப் பதவி, நாடாளுமன்ற உறுப்பினர் பதவி என்று ஏறிவந்தவர். பழைய செயின்ட் மேரி மடாலயத்தைச் சேர்ந்த வடகரை நிலங்களைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தார். 1720-களில் ஹென்ரியெட்டா தெருவைப் போட ஆரம்பித்தார். தெருவுக்கு மதிப்பு வர வேண்டுமானால் முதலில் யார் குடிவருகிறார்கள் என்பது முக்கியம். இன்றைய மனை வியாபாரிக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆர்மா பேராயர் ஹியூ போல்ட்டர் மேட்டின் தலைப்பில் ஒரு மாளிகை எழுப்பினார். அதனாலேயே ஊரார் அந்த இடத்தைப் பேராயர் மேடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நீதித்துறையில் பெரும் பதவி வகித்த தாமஸ் கார்ட்டருக்கு 1731 வாக்கில் எண் 9 எழுந்தது. அதை வரைந்தவர் எட்வர்ட் லவெட் பியர்ஸ், டப்ளின் நாடாளுமன்றக் கட்டடத்தை வரைந்த அதே ஆள். கார்டினர் தனக்கென வைத்துக்கொண்டது எண் 10.

எண் 13, 14, 15 மூன்றும் அடுத்த தலைமுறை வீடுகள். 1740-களின் கடைசியில் கார்டினர் ஒரே வரிசையாக, விற்பனைக் கணக்கோடு கட்டியவை. பியர்ஸ் 1733-லேயே இறந்துவிட்டார், எனவே எண் 14-ஐ அவர் தலையில் கட்ட முடியாது. எண் 9 குறிப்பிட்ட ஒருவருக்காக அளந்து தைத்த சட்டை. எண் 14 நல்ல துணியில் தைத்துக் கடையில் தொங்கவிட்ட சட்டை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வீட்டைக் கூறுபோட்டபோது இது வசதியாகப் போயிற்று.

வீட்டின் உள்ளமைப்பு இப்படி. தெருவாசலைத் திறந்தால் பெரிய கூடம். அங்கிருந்து இரண்டு தள உயரத்துக்குத் திறந்த வெளியில், அகலமான படிக்கட்டு முதல் மாடிக்கு ஏறும். அந்தப் படிக்கட்டு முதல் மாடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. விருந்தாளி பார்க்க வேண்டிய இடம் தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும்தான். உணவுக்கூடம், வரவேற்பு அறைகள், நடனம், சீட்டாட்டம் எல்லாம் அங்கேதான். படுக்கையறை, காலை உணவு அறை, உடைமாற்றும் சிற்றறைகள் வீட்டின் பின்புறம். குழந்தைகளும் வேலைக்காரர்களும் மேல் தளங்களில். சமையலும் சரக்கும் நிலவறையில். இத்தனையையும் கீழிருந்து மேல்வரை இணைத்தது இரண்டாவது படிக்கட்டு, குறுகலான பின்படி. வேலைக்காரர்களுக்கு மட்டும் என்று அதை நினைத்துவிடக் கூடாது. வீட்டாரும் அன்றாடம் அதில்தான் ஏறி இறங்கினார்கள். பெரிய படி விருந்தாளியை ஏற்றிக் காட்டுவதற்கு. கரி, வெந்நீர், கழிவுக் கலம், குழந்தை எல்லாம் பின்படியில்.

ஒரு வீட்டின் மொத்தப் பரப்பில் பெரிய படிக்கூடம் தின்னும் இடம் கொஞ்சமல்ல. தரைத்தளத்தில் ஓர் அறையளவு, அதற்கு மேலே முதல் மாடியில் இன்னோர் அறையளவு வெறும் காற்று. இப்படி இடத்தை வீணடிக்க முடிகிற ஆள்தான் இந்த வீட்டில் இருக்கலாம் என்று சொல்வதற்காகவே அது இருந்தது. எண் 9-ன் படிக்கூடம் இன்றும் நிற்கிறது. எண் 14 எதை இழந்தது என்று ஊகிக்க அதைப் பார்த்தால் போதும், தளவமைப்பு சற்று வேறென்றாலும்.

முதலில் குடிவந்தவர் ரிச்சர்ட் மோல்ஸ்வொர்த் பிரபு, மூன்றாம் வைகவுன்ட். 1706-ல் ராமிலீ போரில் ஆங்கிலப் படைத் தளபதி மார்ல்பரோ கோமகன் குதிரையிலிருந்து விழுந்தபோது தன் குதிரையைக் கொடுத்து அவரைக் காப்பாற்றிய இளம் அதிகாரி இவர்தான். எண் 14-க்கு வரும்போது வயதாகிவிட்டது, கூட இரண்டாவது மனைவி மேரி ஜென்னி அஷர். இரண்டு மகள்கள் இந்த வீட்டிலேயே பிறந்தார்கள். 1751-ல் அயர்லாந்துப் படைகளின் தலைமைத் தளபதியாகவும் ஆனார், 1758-ல் இறந்தார். மேரி பிறகு லண்டன் போய், 1763-ல் அங்கே வீடு தீப்பிடித்ததில் குடும்பத்தார் சிலரோடு கருகி இறந்தார். அதுவும் ஓர் உயரமான நகர வீடுதான். மரப்படி, மரத்தளம், மரப்பலகைச் சுவர் உள்ள வீட்டில் கீழே தீப்பற்றினால் படிக்கூடமே புகைபோக்கியாகிவிடும். மாடியில் இருப்பவருக்கு ஜன்னல்தான் வழி.

அடுத்தடுத்து இருந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். அயர்லாந்தின் சான்சலர் ஜான் போவ்ஸ், கிளேர் மாவட்டத்து நிலப்பிரபு சர் லூசியஸ் ஓ'பிரையன், பிஷப் ஜான் ஹாதம், பன்னிரண்டாம் வைகவுன்ட் டில்லன். எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: அரசியல் காலத்தில் டப்ளினில் தங்க வேண்டிய கட்டாயம். நாடாளுமன்றம் நகரில் கூடியது, அதனால் நகரில் வீடு வேண்டும். கிராமத்து எஸ்டேட்தான் சொந்த வீடு, இது பருவகால வீடு.

எனவே 1801 சனவரி 1-ல் அயர்லாந்தை பிரிட்டனோடு இணைத்த யூனியன் சட்டம் அமலாகி அயர்லாந்து நாடாளுமன்றம் மறைந்ததும் இந்த வீடுகளுக்கு இருந்த காரணமே போய்விட்டது. மெரியன் தெருவில் உள்ள மார்னிங்டன் ஹவுஸ் 1791-ல் 8,000 பவுண்டுக்குப் போனது; யூனியனை ஒட்டி மறுபடி கைமாறியபோது 2,500 பவுண்டு. அதற்காக மறுநாளே எல்லோரும் மூட்டை கட்டிவிடவில்லை. தென்கரையில் வக்கீல்களும் மருத்துவர்களும் வந்து நிரப்பினார்கள், விலை விழுந்தாலும் தரம் நின்றது. வடகரையில் கார்டினர் எஸ்டேட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கார்டினரின் பேரன் மவுன்ட்ஜாய் பிரபு 1798 கிளர்ச்சியில் நியூ ராஸ் சண்டையில் கொல்லப்பட்டார். அவர் மகன் பிளசிங்டன் பிரபு சொத்தையெல்லாம் ஊதாரித்தனமாகக் கரைத்துக் கடனில் முங்கி 1829-ல் போய்ச்சேர்ந்தார். வடகரைத் தெருக்களைப் பார்த்துக்கொள்ள நில உரிமையாளர் என்று ஒருவர் கவலையோடு இல்லாமல் போனார்.

ஹென்ரியெட்டா தெரு வக்கீல்களிடம் போனது, கிங்ஸ் இன்ஸ் பக்கத்தில் இருந்ததால். போல்ட்டரின் மாளிகை இருந்த இடத்தில் ஃபிரடரிக் டார்லி வரைந்த கிங்ஸ் இன்ஸ் நூலகம் எழுந்தது. எண் 14-க்கு 1850-களில் வந்து உட்கார்ந்தது கடன்சுமை எஸ்டேட்கள் நீதிமன்றம். பெரும் பஞ்சத்தில் வாடகை வராமல் திவாலான நிலப்பிரபுக்களின் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட 1849 சட்டப்படி நிறுவப்பட்டது அது. சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான எஸ்டேட்கள் அதன் வழியாகக் கைமாறின. நிலப்பிரபுக்கள் நடனமாடிய கூடத்தில் அவர்கள் பேரன்களின் நிலம் ஏலம் போனது. புனைகதையில் இப்படி எழுதினால் மிகை என்று திட்டுவோம்.

நீதிமன்றம் காலி செய்தபின் 1860-களில் டப்ளின் மிலிஷியா எனும் உள்ளூர்த் துணைப்படை வந்து தங்கியது, 1876 வரை. படை போனதும் தாமஸ் வான்ஸ் என்ற முதலாளி வீட்டை வாங்கினார். கணக்குப் போட்டுப் பார்த்தார். பெரிய படிக்கூடம் வாடகை தராது. படிக்கட்டைக் கழற்றினால் அந்த வெற்றிடத்தில் தளம் போட்டு மேலும் கீழும் குடியிருக்கும் அறைகள் கிடைக்கும். ஏறி இறங்கப் பின்படி இருக்கவே இருக்கிறது, அதுதான் நிலவறை முதல் உச்சிவரை போகிறது. ஆக, முதல் மாடியோடு நின்றுபோகும் பெரிய படிதான் தேவையில்லாதது. 1877-ல் வீடு 19 குடித்தனங்களாகப் பிரிந்தது, ஓர் அறை, மூன்று அறை, நான்கு அறை என்று. பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார்கள்: மரியாதையான குடும்பங்களுக்கு, புதிதாகக் காகிதம் ஒட்டிச் சாயம் அடித்தது, எரிவாயு, படிமேடையில் கழிவறை, வார்ட்ரி தண்ணீர், துணி உலர்த்தும் முற்றம், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சமையல் அடுப்பு.

வார்ட்ரி தண்ணீர் என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விக்லோ மலையடிவாரத்தில் ரவுண்ட்வுட் அருகே வார்ட்ரி ஆற்றைத் தேக்கி 1868-ல் டப்ளினுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். விளம்பரத்தில் அந்தப் பெயர் வருவது, இன்று சென்னையில் வாடகை விளம்பரத்தில் மெட்ரோ தண்ணீர் உண்டு என்று போடுவது போல. ஆரம்பத்தில் வான்ஸ் தந்தது அந்தக் காலத்துக்கு மோசமான ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஒண்டுக்குடித்தனம் சீரழிவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். நாலு அறைக் குடித்தனத்தை வாடகைக்கு எடுத்தவர் இரண்டு அறையை உள்வாடகைக்கு விடுவார், அவரிடம் எடுத்தவர் ஒரு மூலையை விடுவார். கழிவறை எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கும்.

இவ்வளவு சுலபமாக ஒரு மாளிகையை ஒண்டுக்குடித்தனமாக்க முடிந்ததற்குக் கட்டடத்திலேயே காரணம் உண்டு. ஜார்ஜியன் வீட்டில், அதாவது ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீட்டில், ஒவ்வொரு பெரிய அறைக்கும் தனிக் கணப்பு, தனிப் புகைவழி, இரண்டோ மூன்றோ உயரமான ஜன்னல். அறைக்குள் அடுப்பும் வெளிச்சமும் ஏற்கெனவே இருந்தால் அது ஒரு குடும்பத்துக்கு ஆயிற்று. ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பலகைத் தடுப்பு போட்டால் ஒன்று இரண்டாகும், ஆனால் கணப்பு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் கிடைக்காதவர் குளிரில் கிடப்பார். கணப்பு கிடைத்தவருக்கும் முழுச் சுகம் இல்லை. கூரை அவ்வளவு உயரத்தில், சூடெல்லாம் மேலே போய் அலங்காரப் பூச்சைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். பழைய முகவரிகளும் ஒட்டிக்கொண்டன. ஏழுபேர் படுத்தெழும் அறைக்குப் பெயர் முன் வரவேற்பறை என்றே இருந்தது. எத்தனை படிவரிசை ஏற வேண்டும், முன்னறையா பின்னறையா என்று சொல்லித்தான் ஆளைத் தேடினார்கள்.

1911 கணக்கெடுப்பில் எண் 14-ல் நூறு பேர். தெரு முழுக்க 850-க்கு மேல். தொப்பி தைப்பவர்கள், தையல்காரி, மரச்சாமான்களுக்கு மெருகேற்றுபவர்கள், புத்தகம் கட்டுபவர்கள் இந்த வீட்டில் இருந்தார்கள். சிலர் அதே அறையிலேயே தொழிலும் செய்திருக்கலாம். 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இரண்டு வீடுகள் இடிந்து ஏழு பேர் செத்தார்கள், அதையொட்டி விசாரணை நடந்தது. நகரில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த குடும்பங்கள் 25,822. அவற்றில் 20,108 ஒற்றை அறையில். இந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் பட்டியலில் மாநகராட்சி உறுப்பினர்களும் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. ஹென்ரியெட்டா தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஆல்டர்மன் ஜோசஃப் மீட், கட்டட ஒப்பந்தக்காரர், 1890-களில் டப்ளின் மேயர். தெருவில் பல வீடுகளை வாங்கி, பளிங்குக் கணப்புகளை உருவி லண்டனில் விற்றுவிட்டு, அறைகளை வாடகைக்கு விட்டார். இந்தத் தெரு இழந்ததில் பெரும்பங்கு ஏழைகள் கை வைத்ததால் போனதல்ல.

இனி வீட்டின் உடம்பைப் பார்ப்போம், ஏனென்றால் 100 பேரின் நடமாட்டம் அதில்தான் பதிந்திருக்கிறது.

தளங்களைத் தாங்குவது சுவருக்குச் சுவர் போட்ட மரக் குறுக்கு விட்டங்கள். பால்டிக் கரையிலிருந்து கப்பலில் வந்த பைன் மரம். பெரிய படிக்கூடம் இருந்த இடத்தில் அந்த விட்டங்களை நிறுத்தி, ஓரத்தில் தடித்த சட்டம் போட்டு வெற்றிடத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பின்னாளில் வெற்றிடத்தை மூடும்போது புதுச் சட்டங்களை அந்த ஓரச் சட்டத்தில் செருகுவார்கள். அதனால் தரைப்பலகையைத் தூக்கினாலே போதும், படிக்கட்டு எங்கே இருந்தது என்று ஆவணம் இல்லாமலே சொல்லிவிடலாம். ஒரு பகுதியில் கைரம்பத்தின் ஒழுங்கற்ற கோடுகள் உள்ள பழைய மரம், பக்கத்தில் இயந்திர ரம்பத்தில் அறுத்த சீரான மரம். ஆணியும் மாறும். பழையது கொல்லன் அடித்தது, நாற்பக்கமும் சரிந்து கூராகும். புதியது தகட்டில் வெட்டியது அல்லது கம்பி ஆணி.

குழாயும் எரிவாயுவும் வந்தபோது விட்டங்களின் மேல்முகத்தில் பள்ளம் வெட்டி அவற்றைப் படுக்கவைத்தார்கள். பார்க்கச் சின்னக் காரியம். 250 மில்லிமீட்டர் ஆழமுள்ள விட்டத்தில் 50 மில்லிமீட்டர் பள்ளம் வெட்டினால் ஆழம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் வளைவைத் தாங்கும் வலு ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த இடத்தில் மிஞ்சுவது 64 சதவீதம். பள்ளம் விட்டத்தின் நடுவில் விழுந்தால் அங்கேதான் சுமையின் வளைவு உச்சம். சுவருக்கு அருகில் வெட்டியிருந்தால் பெரும்பாலும் தாங்கிவிடும். அந்த நடுப்பள்ளத்துக்கு மேல் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பும் ஒரு குடும்பமும் உட்கார்ந்தால் தரை தொய்யும், கீழ்வீட்டுக் கூரைப்பூச்சு விரியும்.

கூரைப்பூச்சு எப்படி நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விட்டங்களின் அடியில் ஓர் அங்குல அகல மரப்பட்டிகளை ஏழெட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஆணியடிப்பார்கள். மாட்டு ரோமம் கலந்த சுண்ணாம்புச் சாந்தை அழுத்திப் பூசும்போது அது இடைவெளி வழியாகப் பிதுங்கி மேலே போய்க் காளான் போல விரிந்து இறுகும். அந்தக் காளான்களின் பிடியில்தான் கூரைப்பூச்சு முழுவதும் தொங்குகிறது. மேல்மாடியில் குழந்தைகள் குதித்து, தரை அதிர்ந்து, காளான்கள் ஒவ்வொன்றாக முறிந்தால் கீழிருந்து ஒன்றும் தெரியாது, ஒருநாள் மொத்தமாக விழும் வரை. பழுதுபார்ப்பவர் கைமுட்டியால் தட்டிப் பார்ப்பார். டப்டப் என்று வெற்றொலி வந்தால் மேலிருந்து தரைப்பலகையை எடுத்து, தூசியை உறிஞ்சிவிட்டு, துருப்பிடிக்காத கம்பி வலை கொடுத்துப் புது ஜிப்சம் ஊற்றிப் பிடிப்பை மறுபடி உண்டாக்குவார்கள். கீழிருந்து வெறும் திருகாணி அடித்து நிறுத்துவது அவசரத்துக்குச் சரி, அதோடு விட்டுவிடக் கூடாது.

ஆனால் இந்த வகை வீடுகளைக் கொல்வது ஜனக்கூட்டம் அல்ல, தண்ணீர். முகப்புச் சுவர் கூரைக்கு மேலே கைப்பிடிச் சுவராக எழும்பிக் கூரையை மறைத்துவிடும். அழகுக்காக. மழைநீர் முன்னால் சொட்ட வழியில்லாமல் கைப்பிடிச் சுவரின் பின்னால் ஈயத்தகடு பதித்த வாரியிலும், இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயிலும் ஓடி ஓரிரு குழாய்களில் இறங்க வேண்டும். ஒரு புறாக் கூடு, உடைந்த ஸ்லேட் துண்டு, கொஞ்சம் இலை போதும், வாரி நிரம்பி உள்பக்கம் வழியும். வழியும் இடத்துக்கு நேர் கீழே இருப்பது கூரைச் சட்டமும் விட்டத்தின் நுனியும். அந்த நுனி செங்கலுக்குள் புதைந்து காற்றுப்படாமல் கிடக்கிறது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வாசல் திறந்த மாதிரி. அங்கே வரும் செர்புலா பூஞ்சை பொல்லாதது, நூல் நூலாகச் செங்கல் சந்துகளின் ஊடே ஊர்ந்து அடுத்த மரத்தைத் தேடும். ஈரமான ஒரு மூலையில் ஆரம்பித்து இரண்டு தளம் கீழே தலைகாட்டும்.

சுவருக்குள்ளேயே மரம் இருப்பது இன்னொரு வம்பு. அந்தக் காலக் கொத்தர்கள் சுவர் சீராக இறங்குவதற்கும், மரப்பலகைகளை ஆணியடிக்க வசதியாகவும் செங்கல் வரிசைகளுக்கு நடுவே நீளச் சட்டங்களைப் புதைத்தார்கள். அது இற்றுப்போனால் சுவருக்குள் படுக்கைவாட்டில் ஓர் இடுக்கு விழுகிறது. மேலே இருக்கும் கனம் அந்த இடுக்கில் உட்கார, முகப்பு வெளியே பிதுங்கும். கூடவே கஞ்சத்தனமும் சேர்ந்துகொள்ளும். வெளிமுகத்துக்கு நல்ல செங்கல், உள்ளே மட்டச் செங்கல். முகப்பில் ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது தலை தெரிய என்று அழகாக வைத்திருப்பார்கள். தலை தெரியும் கல் சுவருக்குள் ஆழமாகப் போய் சுவரின் வெளியடுக்கு, உள்ளடுக்கு என்ற இரண்டு தோலையும் கட்ட வேண்டும். நல்ல கல் விலை அதிகம் என்று அதைப் பாதியாக உடைத்து இரண்டு இடத்தில் வைத்துவிடுவார்கள். வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் பிடிப்பு இராது. இது அந்தக் காலப் பல வீடுகளில் உண்டு. கார்டினர் வீட்டு வரிசை என்பதால் மட்டும் விதிவிலக்கு எதிர்பார்க்கக் கூடாது.

பழுதுபார்க்கும் வரிசை இதிலிருந்தே தெரியும். முதலில் கூரை, வாரி, இறங்குகுழாய். தண்ணீர் நின்றபின் ஒன்றிரண்டு ஆண்டு சுவர் உலரவிட வேண்டும். இற்ற விட்ட நுனியை நல்ல மரம் வரை அறுத்து, அதே வகை மரத்தில் சாய்வெட்டாகப் புதுத் துண்டு இணைத்துப் போல்ட் போடலாம், அல்லது இருபுறம் எஃகுத் தகடு கொடுக்கலாம். புதிய நுனி செங்கலைத் தொடாமல் சுற்றிலும் காற்றிடைவெளி இருக்க வேண்டும். மருந்தடித்தே பூஞ்சையை ஒழிக்கலாம் என்று நம்பி ஈரத்தை விட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டு மறுபடி வரும்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது அடுத்த பெரும்பாவம். சந்துகளில் சிமென்ட் அடைத்தால் அது செங்கலைவிடக் கெட்டி. சுவரின் ஈரம் சந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் முகம் வழியாகப் போகும், உப்பும் உறைபனியும் சேர்ந்து செங்கல் தோலை உரிக்கும். சுண்ணாம்புச் சந்து செங்கலைவிட மென்மையாக இருந்தால் தேய்வது சந்துதான், செங்கல் தப்பிக்கும். ஐம்பது அறுபது ஆண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ளலாம்.

டப்ளின் முகப்புகளுக்கே உரிய ஒரு பாயிண்டிங் வேலை, அதாவது செங்கல் சந்தைச் சாந்தால் நிரப்பும் வேலை, உண்டு, விக்கிங் என்பார்கள். மட்டமான, கோணல்மாணலான செங்கலைத் துல்லியமாக அறுத்த செங்கல் போலக் காட்டும் தந்திரம் அது. பழைய சந்தைச் சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கையால் சுரண்டுவார்கள், மின்கருவி வைத்தால் செங்கல் விளிம்பு போய்விடும். சுவரை நன்றாக நனைப்பார்கள். நைசான வெண்மணலும் சுண்ணாம்பு விழுதும் கலந்த வெள்ளைச் சாந்தை முதலில் சந்தில் வைத்து, மட்டப்பலகையும் கத்தியும் கொண்டு மேலும் கீழும் நறுக்கி மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாவாக்குவார்கள். பிறகு செங்கல் நிறத்துக்குச் சாயமேற்றிய சாந்தை நாடாவின் இருபுறமும் நிரப்பிச் செங்கல் முகத்தோடு சமப்படுத்துவார்கள். கோணல் விளிம்பெல்லாம் அந்தச் சிவப்புச் சாந்தில் மறைந்துபோகும், கண்ணுக்குத் தெரிவது மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும். இங்கிலாந்தின் டக் பாயிண்டிங்கில் இதற்கு நேர்மாறு, சாயச் சாந்து முதலில், வெள்ளை நாடா பிறகு. டப்ளின் முறையில் நாடாவைச் சாந்து இருபுறமும் கவ்விக்கொள்கிறது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் சுண்ணாம்பு வேலை ஆகாது. ஈரச் சாக்கு போட்டு மூடிப் பல நாள் காக்க வேண்டும். அயர்லாந்துக் குளிர்காலத்தில் அவசரப்பட்ட ஒப்பந்தக்காரரின் சந்து வசந்தத்தில் மாவாக உதிரும்.

சரி, மறுபடி பின்படிக்கு வருவோம். 1877-க்குப் பிறகு வீட்டின் ஒரே முதுகெலும்பு அது. ஒரு குடும்பத்துக்கென்று போட்ட குறுகல் படியில் 100 பேர், கரிமூட்டை, தண்ணீர் வாளி, சவப்பெட்டி, தள்ளுவண்டி. படிப்பலகையின் நடுப்பகுதி குழிந்து, கைப்பிடி மரத்தண்டுகள் குளிருக்கு விறகாகிப்போயிருந்த வீடுகள் இந்தத் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளம். சுவருக்கு அடித்த சாயங்கள் இரண்டு: ராடில் சிவப்பு, ரெக்கிட்ஸ் நீலம். ராடில் என்பது காவிமண். ரெக்கிட்ஸ் நீலம் துணிக்குப் போடும் நீலமேதான், ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனத்தின் சரக்கு, நம்மூரில் ராபின் நீலமாக வந்தது அதே வம்சம். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தால் சுவர் பளிச்சென்று இருக்கும் என்ற அறிவு நம் பாட்டிகளுக்கும் டப்ளின் பாட்டிகளுக்கும் பொது. விலை மலிவு, சுண்ணாம்பு கிருமியையும் கொஞ்சம் கொல்லும்.

1930-களின் கடைசியில் பக்கத்திலேயே மாநகராட்சி ஹென்ரியெட்டா ஹவுஸ் அடுக்ககத்தைக் கட்டியது. வரைந்தவர் ஹெர்பர்ட் சிம்ஸ். தனிக் கழிவறை, தனிச் சமையலறை. கிரம்லின், காப்ரா போன்ற புறநகர்களுக்கும் குடும்பங்கள் போய்க்கொண்டே இருந்தன. 1963 சூனில் பத்து நாள் இடைவெளியில் போல்டன் தெருவிலும் ஃபீனியன் தெருவிலும் வீடுகள் சரிந்து, முதலில் முதியவர் இருவர், பிறகு சிறுமிகள் இருவர் இறந்தார்கள். போல்டன் தெரு ஹென்ரியெட்டா தெருவின் வாசல். அந்த அதிர்ச்சியில் மாநகராட்சி நூற்றுக்கணக்கான பழைய வீடுகளை ஆபத்தானவை என்று இடித்தது. தாங்கக்கூடியவையும் அந்த அலையில் போயின. எண் 14-ன் கடைசிக் குடும்பங்கள் 1970-களின் இறுதியில் வெளியேறின. பிறகு பூட்டு, புறா, மழை. 2000-களில் மாநகராட்சி கட்டாயக் கையகப்படுத்தல் வழியாக வீட்டை எடுத்து, பத்தாண்டுக்கு மேல் ஷாஃப்ரி கட்டடக்கலை நிறுவனத்தின் கையில் பழுதுபார்த்து, 2018 செப்டம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தது.

பழுதுபார்ப்பில் எடுத்த முடிவுகளில் எனக்குச் சரியென்று படுவது, எல்லாவற்றையும் 1748-க்குத் திருப்பி ஓட்டவில்லை என்பதுதான். ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிய சுவர்க்காகிதங்கள், லினோலியம் தரைவிரிப்புத் துண்டுகள், தடுப்புச் சுவர் அலங்காரப் பூச்சை வெட்டிய தழும்பு எல்லாம் விட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. மோல்ஸ்வொர்த் இந்த வீட்டோடு தொடர்புகொண்டிருந்தது பத்தாண்டுகூட முழுதாக இருக்காது. ஒண்டுக்குடித்தனம் நூறாண்டு. வருடக் கணக்கில் பார்த்தால் இந்த வீட்டின் நிஜச் சொந்தக்காரர்கள் யார் என்பதில் குழப்பமே இல்லை, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும். போகிறவர்கள் முதல் மாடியின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நேராகப் பின்படிக்குப் போங்கள். சிவப்பும் நீலமும் உதிர்ந்த சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உதிர்ந்த விளிம்பில் அடுக்கடுக்காகப் பழைய பூச்சுகள் தெரியும்.